திரையில் நின்ற கடல்

இந்த வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு, கல்முனையில் இருக்கும் எங்கள் பழைய அலுவலகத்துக்கு எப்போதாவது போனால், புதிதாகச் சேர்ந்த நீங்கள் நாற்காலி போட்டு உட்காரவைத்து, "சேர், உங்கட அனுபவத்தில ஒண்டு சொல்லுங்க" என்று கேட்கிறீர்கள். நானும் இடி விழுந்து ரவுட்டர் எரிந்த கதையையும், கேபிளை எலி கடித்த கதையையும் சொல்லிச் சிரிக்கவைத்து, தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். சொல்லவேண்டிய கதை வேறு என்று தெரிந்துகொண்டேதான் இவற்றைச் சொல்லிவந்தேன். போன மாதம் உங்களில் ஒருவர், வேறோர் ஊருக்குக் கமெரா போடப் போவதாகவும், நான் எழுதிய பழைய புரோகிராமை அப்படியே எடுத்துப் பாவிக்கலாமா என்றும் கேட்டார். "பார்த்துச் சொல்கிறேன்" என்று நழுவிவிட்டேன். இனியும் நழுவக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் இரண்டு பேர் மௌத்தாகிறார்கள், இறந்துபோகிறார்கள். அதில் என் கை இருக்கிறது. கடைசியில் மனதுக்கு ஆறுதலாக ஏதாவது வரும் என்று நினைத்து வாசிக்கவேண்டாம். ஊரின் பெயரையும் மீன்பிடிச் சங்கத்தின் பெயரையும் எழுதவில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். என் பெயரைத்தான் மாற்றியிருக்கவேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். அது உங்களுக்குத் தெரிந்த பெயர், என்ன செய்வது.

எங்கள் கரையோரத்தில் இருக்கும் ஊர்தான். அங்கே படகுகளை ஆற்றுக்குள்ளே கட்டிவைப்பார்கள். கடலுக்குப் போவதென்றால் ஆற்றோடு இரண்டு கிலோமீட்டர் போய், ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தைக் கடக்கவேண்டும். முகத்துவாரத்துக்குச் சற்று முன்னால் ஆறு வளைகிறது. அந்த வளைவைத் தாண்டும்வரை, முகத்துவாரத்தில் அலை எப்படி உடைகிறது என்று படகில் இருப்பவருக்குத் தெரியாது. தாண்டிய பிறகு தெரிந்தும் பெரிய பிரயோசனம் இல்லை. மாரியில் வயல்களின் வடிச்சல் தண்ணீரெல்லாம் அந்த ஆற்றால்தான் இறங்கும். அந்த இழுவையில் படகைத் திருப்பி எடுப்பது லேசான காரியமல்ல. அதனால்தான் சங்கத்தார் எங்களிடம் வந்தார்கள். முகத்துவாரத்தில் ஒரு கம்பம் நட்டு அதில் கமெரா, சங்கக் கட்டடத்தின் வெளிச்சுவரில் ஒரு பெரிய திரை. படகை அவிழ்ப்பதற்கு முன் திரையைப் பார்க்கவேண்டும், வெள்ளையாக அலை உடைந்தால் போகக்கூடாது, அவ்வளவுதான் அவர்களின் தேவை.

வேலையை நான் எடுத்தேன். எனக்கு உதவியாக அல்ல, என்னோடு சமமாக, ஷிறீன் என்ற பெண் வேலை செய்தார். மருதமுனைக்காரி. அப்போது எங்கள் அலுவலகத்துக்கு வந்து மூன்று வருடம். கமெராவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கணினி பத்துச் செக்கனுக்கு ஒரு படம் எடுத்து, எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பும். அங்கிருந்து, இரண்டு கணினிகளுக்கு இடையே திறந்துவைக்கும் சொக்கெட் இணைப்பு வழியாக, சங்கத்துத் திரையோடு இருக்கும் கணினிக்குப் போகும். அனுப்பிய படம் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்று எங்கள் அலுவலகக் கணினி எழுதிவைக்கும். கடைசியில் எல்லாம் அந்தப் பதிவில்தான் வந்து நின்றது என்பதால் இதைச் சொல்கிறேன்.

முதல் நாள் படம் பாதிதான் வந்தது. மேலே வானம், கீழே சாம்பல் நிறம். சங்கத்துத் தலைவர் திரையை அண்ணாந்து பார்த்து, "சேர், வானம் எங்களுக்கு இஞ்சயே தெரியும். கடலக் காட்டுங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் எழுதிய பகுதியில்தான் பிழை. அனுப்பியது முழுவதும் ஒரே வாயில் வந்துவிடும் என்று எண்ணி, ஒருமுறை மட்டும் வாசித்துவிட்டுப் படத்தைப் போட்டிருந்தேன். சொக்கெட்டில் தண்ணீர்க் குழாய்போலத் துண்டு துண்டாகத்தான் வரும். இத்தனை எழுத்து வரவேண்டும் என்று முதலில் கேட்டுவைத்து, அத்தனையும் சேரும்வரை வாசித்துக்கொண்டே இருக்கவேண்டும். இதெல்லாம் உங்களுக்கு இப்போது பச்சைத் தண்ணீர். அரை மணித்தியாலத்தில் திருத்தினேன். முழுக்கடலும் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிழை என்றால் அப்படித்தான் இருக்கும், பாதிப் படமாகக் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும் என்று நினைத்துவிட்டேன்.

இரண்டாவது முறைப்பாடு கறுப்புத் திரை. இணைய இணைப்புக் கொஞ்சம் விட்டுப்போனாலும் திரை கறுத்துவிடும். பத்து நிமிடத்தில் திரும்பி வரும், ஆனால் அந்தப் பத்து நிமிடமும் ஆட்கள் சும்மா இருக்கமாட்டார்கள். "சேர்ட மெஷின் லுஹருக்குப் படுத்திட்டு" என்று, நண்பகல் தொழுகை நேரத்துத் தூக்கம்போலக் கேலி செய்வார்கள். ஒருநாள் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் பார்க்க வந்திருந்தார். தலைவர் மாலையெல்லாம் போட்டு அழைத்துவந்து திரைக்கு முன்னால் நிறுத்தியபோது அது கறுத்துப்போய்க் கிடந்தது. தலைவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று பின்னேரமே எனக்குத் தொலைபேசி எடுத்தார். "எப்பிடியாவது செஞ்சி, கறுக்காம வையுங்க" என்றார்.

செய்வது மிகவும் சுலபம். புதுப் படம் வராவிட்டால் பழைய படத்தை அழிக்காமல் விட்டுவிடவேண்டும். திரை கறுக்காது. ஷிறீனிடம் சொன்னேன்.

"படம் நிண்டா, நிண்டதெண்டு பாக்கிற ஆளுக்குத் தெரியவேணும்தானே சேர்?" என்று கேட்டார்.

"மேல மூலையில நேரம் ஓடுது. நேரம் ஓடாட்டி விளங்கிக்கொள்ளுவாங்க."

படத்தின் மேல்மூலையில் கமெராக் கணினியின் நேரம் செக்கனோடு விழும். அது நின்றால் படம் நின்றதாக அர்த்தம். ஷிறீன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். அது சரியான பதில்தான். இன்றைக்கும் அந்தப் பதிலில் நான் பிழை காணமாட்டேன்.

பிறகு நோன்பு வந்தது. சங்கக் கட்டடம் பள்ளிவாசலுக்கு அடுத்த வளவு. நோன்பு நாட்களில் அந்தத் திரைக்குக் கீழே வாங்கு போட்டு, கஞ்சிக் கோப்பையும் பேரீச்சம்பழமுமாக ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். எட்டாம் நோன்போ ஒன்பதாம் நோன்போ, தலைவர் அந்தி மஃரிப் தொழுத கையோடு தொலைபேசி எடுத்தார்.

"சேர், உங்கட திரையால ஏழு பேருக்கு நோன்பு போயிட்டு."

"என்ன சொல்றீங்க?"

"அதில ஓடுற மணி மூணு நிமிசம் முந்திக் காட்டுது. பாங்கு சொல்ல முந்தி, அந்த மணியப் பாத்து ஏழு பேர் பேரீச்சம்பழத்த வாயில போட்டுட்டானுகள். மௌலவி அந்த நோன்பத் திரும்பப் பிடிச்சிக் களாச் செய்யச் சொல்லிட்டார். இப்ப அவனுகள் என்னோட சண்டைக்கு நிக்கிறானுகள்."

எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் தலைவருக்கு அது சிரிப்பில்லை, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையிலும் அந்தக் கதை போயிருந்தது. நேரத்தைச் சரிசெய்யவேண்டும் என்றால், முகத்துவாரத்துக்குப் போய்க் கமெராக் கணினியைத் திறக்கவேண்டும். மோட்டார் சைக்கிளில் மணலுக்குள் போகும் பாதை. நோன்போடு, அந்த வெயிலில், எனக்கு மனம் வரவில்லை. நேரத்தைப் படத்தில் விழாமல் செய்வதோ அலுவலகத்தில் இருந்தபடியே செய்யக்கூடிய ஒரு வரி வேலை. எடுத்துவிட்டேன்.

ஷிறீன் என் மேசைக்கு வந்தார். "அப்ப படம் நிண்டா எப்பிடித் தெரியும் சேர்?"

"பெருநாளைக்குப் பிறகு போய் மணியச் சரிபண்ணிப் போடுவம்" என்றேன்.

பெருநாள் வந்தது. பெருநாள் போனது. வேறு இரண்டு வேலைகள் தலையில் விழுந்தன. ஷிறீன் ஒருமுறை ஞாபகப்படுத்தினார். "ஓம் ஓம்" என்றேன். அவர் இன்னொருமுறை ஞாபகப்படுத்தியிருக்கவேண்டும் என்று நான் ஒருகாலத்தில் நினைத்ததுண்டு. அப்படி நினைத்ததற்காகவும் வெட்கப்படுகிறேன்.

எனக்குத் தெரியாத இன்னொரு சங்கதி இருந்தது. எங்கள் ஊர்களில் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் கடை, கந்தோர் எல்லாம் பூட்டுவது உங்களுக்குத் தெரியும். சங்கத்துக் காவலாளி பேணுதலான மனிதர். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவர் சங்க அலுவலகமான கந்தோருக்குள்ளே மின்விசிறி, லைட், மேசையோடு இருக்கும் செருகி எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டிவிட்டு, தொழுகைக்காகக் கைகால் கழுவி வுளூச் செய்யப் போய்விடுவார். அந்த மேசைச் செருகியில்தான் எங்கள் ரவுட்டர் இருந்தது. வெளிச்சுவரில் இருந்த திரைக்கு வேறு மின்தொடுப்பு, அது எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ நேரம் முழுக்க அந்தத் திரையில் கடல் அசையாமல் நின்றிருக்கிறது. எல்லோரும் பள்ளிவாசலுக்குள் இருந்ததால் ஒருவரும் காணவில்லை. தொழுதுவிட்டு வந்து காவலாளி செருகியைப் போட்டவுடன், திரைப் பக்கத்துக் கணினி தானாகப் புது இணைப்பு எடுத்துக்கொள்ளும். இணைப்புத் திரும்பி வந்தால் என்ன செய்யவேண்டும் என்று நான் கவனமாக எழுதியிருந்தேன். போனதை எப்படிக் காட்டவேண்டும் என்று எழுதவில்லை. எங்கள் பதிவில் வெள்ளிக்கு வெள்ளி ஒரு மணித்தியால இடைவெளி கிடந்தது. பதிவு எழுதவைத்தவன் நான், திறந்து பார்த்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாரி முடியப்போகும் காலம். காலையில் கடல் அலையில்லாமல் படுத்திருந்தது. ஊரில் ஒரு பெரிய வீட்டுக் கலியாணம். ஜும்ஆ முடிந்ததும் வலீமாச் சாப்பாட்டுக்கு ஊரே போய்விட்டது, செருகியைப் போடாமலே காவலாளியும் போய்விட்டார். சலீம் என்பவர் மட்டும் போகவில்லை. முதல்நாள் போட்ட வலை கடலில் கிடந்தது, அதை எடுக்கவேண்டும். நாற்பது வயதிருக்கும், சொந்தப் படகு. கூட வேலை செய்தவர்கள் இரண்டு பேர்: பாஹிம் என்ற இருபத்திரண்டு வயதுப் பையன், ஜவாத் என்று இன்னொருவர். மூன்று பேரும் ஒன்று இருபதுக்குத் திரைக்கு முன்னால் வந்து நின்றார்கள். திரையில் கடல் படுத்திருந்தது. அது பன்னிரண்டு மணி நான்கு நிமிடத்துக் கடல். அதற்குள் வெளிக்கடலில் இருந்து பெரிய அலை இறங்கிவிட்டது. அவர்கள் படகை அவிழ்த்துக்கொண்டு போனார்கள்.

வளைவு தாண்டியதும் முன்னால் எல்லாம் வெள்ளை என்று ஜவாத் பிறகு சொன்னார். சலீம் திருப்பப் பார்த்திருக்கிறார். வடிச்சல் தண்ணீர் படகைக் குறுக்கே தள்ளிக்கொண்டு போய் அலைக்குக் கொடுத்தது. ஜவாத் மட்டும் கரை சேர்ந்தார்.

காவலாளி வலீமா முடிந்து வந்து, ஒன்று ஐம்பத்திரண்டுக்குச் செருகியைப் போட்டார். கடல் உயிர்பெற்றது. அதற்குச் சற்றுப் பிறகுதான் ஊருக்குச் செய்தி வந்தது. முகத்துவாரத்துக்கு ஓடக்கூடியவர்கள் ஓடினார்கள். மற்றவர்கள், அதிலும் பெண்கள், சங்கத்துத் திரைக்கு முன்னால் கூடினார்கள். நான் கேள்விப்பட்டு மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது அங்கே நூறு பேருக்கு மேல் நின்றார்கள். திரையில் அலை வரிசை வரிசையாக வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு படகு புரண்டு கிடந்தது. பாஹிமின் உம்மா திரைக்கு நேர் கீழே நின்றார். முக்காட்டின் ஓரத்தை வாயில் கடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள்: "இதப் பாத்துக்கிட்டுப் போனானே, வலையில இரிக்கிற ஆசையில. அந்தப் பையனயும் கூட்டிக்கிட்டு."

எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. நானும் சலீமை மனதுக்குள் திட்டினேன் என்பதையும் எழுதவேண்டும்.

மறுநாள் இரண்டு பேரின் உடல்களும் கிடைத்தன. எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது, அடக்கம் செய்ய ஜனாஸாவை எடுக்கும் முன் வீட்டார் ஒருவர் எழுந்து, மௌத்தானவரிடம் ஏதும் குறை கண்டிருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் கேட்பார். மன்னித்துவிடுங்கள் என்று அர்த்தம். மனிதனுக்கு மனிதன் செய்த குறையை அந்த மனிதன் பொருந்தவேண்டும், அது நம்பிக்கை. சலீமின் ஜனாஸாவில் அவருடைய மைத்துனர் எழுந்து கேட்டார். எல்லோரும் பொருந்தினோம் என்றார்கள். பாஹிமின் உம்மா மட்டும் ஆள் அனுப்பிச் சொன்னார், என் பிள்ளையை வேண்டுமென்றே சாவுக்குக் கூட்டிப்போனவனைப் பொருந்த ஏலாது என்று. அந்தச் சொல் சலீமின் மனைவி பரீதாவின் காதில் விழுந்தது.

திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குப் போனபோது ஷிறீன் எனக்கு முன்னால் வந்து பதிவைத் திறந்து வைத்திருந்தார். விரலை மட்டும் திரையில் வைத்துக் காட்டினார். கடைசிப் படம் பன்னிரண்டு நான்கு. அடுத்த படம் ஒன்று ஐம்பத்திரண்டு. முந்திய வெள்ளி, அதற்கு முந்திய வெள்ளி, எல்லாவற்றையும் உருட்டிக் காட்டினார்.

"சலீம் படுத்த கடலத்தான் பாத்திரிக்கார் சேர்" என்றார் ஷிறீன்.

அன்று பின்னேரம் சங்கத்தில் கூட்டம். தலைவர், பள்ளிவாசல்காரர்கள், எங்கள் கம்பனி முதலாளி, நான், ஷிறீன், ஊர் ஆட்கள் ஒரு ஐம்பது பேர். ஜவாத் எழுந்து, "நாங்க பாக்கக்குள்ள திரையில கடல் படுத்துத்தான் கிடந்திச்சி. அல்லாஹ் மேல சத்தியம்" என்றார். யாரும் அவரை ஏசவில்லை. பயத்தில் மூளை குழம்பியிருக்கும் என்று தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். எத்தனையோ பேர் தங்கள் கண்ணால் திரையில் வெள்ளை அலையைக் கண்டிருந்தார்கள். அவர்கள் கண்டதும் உண்மை.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "சேர், நீங்க சொல்லுங்க. மெஷின் வேலை செஞ்சிச்சா?"

இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். பதில் சொல்ல எனக்குக் கிடைத்தது இரண்டு மூன்று செக்கன். முதலாளி பக்கத்தில் இருந்தார்; இன்னும் மூன்று ஊர்கள் இதே கமெராவைக் கேட்டிருந்தன. இறந்தவர்களின் உறவுக்காரர் எதிரே இருந்தார்கள். எனக்கு ஓய்வுக்கு ஒன்பது மாதம் இருந்தது. இவையெல்லாம் என் தலைக்குள் ஓடின என்று சொன்னால் அதுவும் பொய். எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

"மெஷின் வேலை செய்யுது" என்றேன்.

செய்ததா என்று கேட்டதற்கு, செய்கிறது என்று சொன்னேன். அப்படிச் சொன்னால் பொய்யாகாது என்று ஒரு கணக்கு. தலைவர் தலையை ஆட்டினார். ஜவாத் என்னைப் பார்த்தார், பிறகு தன் கைகளைப் பார்த்தார். சலீம் அலையைக் கண்டும் போனான் என்பது அன்றோடு ஊரின் தீர்ப்பாகிவிட்டது.

வெளியே வந்ததும் ஷிறீன் கேட்டார். "நீங்க சொல்லுவீங்களா சேர், இல்லாட்டி நான் சொல்லவா?"

"நானே சொல்லுறன். கொஞ்சம் பொறுங்க."

அவர் என்னை நம்பினார். புரோகிராமை அன்றிரவுக்குள் திருத்திவிட்டோம். முப்பது செக்கனுக்குப் புதுப் படம் வராவிட்டால் திரை முழுவதும் சிவக்கும். நேரமும், சரியான நேரமாக, திரும்பவும் மேலே ஏறியது. ஒன்பது வரி. அதை எழுதும்போது ஷிறீன் பக்கத்தில் இருந்து அழுதார். இரண்டு மாதம் எனக்கு அவகாசம் கொடுத்துவிட்டு, ஒருநாள் இராஜினாமாக் கடிதத்தை என் மேசையில் வைத்தார். இப்போது வீட்டில் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறார் என்று கேள்வி. என்னைவிட நல்ல வேலைக்காரி அவர். அந்த நாற்காலியில்தான் உங்களில் ஒருவர் இருக்கிறார்.

இந்தக் கதையில் நீங்கள் சொக்கெட்டைப் பற்றி எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்றும் பெரிதாக இல்லை. படம் பழசாகிவிட்டால் பழசு என்று காட்டுங்கள், அதை எந்தப் புத்தகமும் சொல்லும். என் ஒவ்வொரு முடிவுக்கும் அந்த நேரத்தில் ஒரு நியாயம் இருந்தது. கறுப்புத் திரையை எடுத்தபோது நேரம் இருக்கிறது என்றேன். நேரத்தை எடுத்தபோது, அது எதற்காக அங்கே இருந்தது என்பதை மறக்கவில்லை, தள்ளிவைத்தேன். ஆனால் கூட்டத்தில் சொன்ன பதிலுக்கு எந்த நியாயமும் இல்லை. முதலில் செய்தது பிழை. பிறகு செய்தது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டு "அந்தச் சம்பவம்" என்று நான் பல வருடம் எனக்குள் பூசி மெழுகிவந்தேன்.

எனக்கு ஒரு சாட்டும் கிடைத்தது. பரீதா இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்கும் காலம். அந்நிய ஆண் போய்க் கதைக்கமுடியாது. இத்தா முடியட்டும், முதலில் அவரிடம் சொல்லிவிட்டுப் பிறகு ஊருக்குச் சொல்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருடைய சகோதரரிடம் சொல்லியிருக்கலாம். பள்ளிவாசலில் எழுந்து சொல்லியிருக்கலாம். மார்க்கத்தை மரியாதை செய்கிறேன் என்ற பெயரில் ஒளித்துக்கொண்டேன். அந்த நான்கு மாதமும் ஒரு பெண் அறைக்குள் இருந்து, தன் புருஷனை ஒரு தாய் பொருந்தவில்லையே என்று தொழுகையில் அழுதுகொண்டிருந்திருக்கிறார்.

இத்தா முடிந்த நான்காம் நாள், பதிவின் கடதாசிகளை எடுத்துக்கொண்டு போனேன். பரீதாவும் அவருடைய தம்பியும் கேட்டார்கள். ரவுட்டர், செருகி, பழைய படம் எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்தில் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். ஏசுவார்கள் என்று நினைத்தேன். தம்பி எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். பரீதா கடதாசியை வாங்கிப் பார்த்தார்.

"அப்ப அவர் பாத்திட்டுத்தான் போயிரிக்கார்" என்றார். "கடல் நல்லா இரிக்கெண்டு பாத்திட்டு."

"ஓம்."

"இத பாஹிம்ட உம்மாக்கிட்ட வந்து சொல்லுவீங்களா? எனக்கு வேற ஒண்டும் வேணா. அவ பொருந்தினாப் போதும்."

தம்பியின் ஓட்டோவில் மூன்று பேரும் போனோம். பரீதா இறங்கவில்லை. அந்த வளவுக்குள் அவரை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். நான் மட்டும் உள்ளே போனேன். பாஹிமின் உம்மா கதிரை போட்டு இருக்கச் சொன்னார். மகளைக் கூப்பிட்டுத் தேநீர் போடச் சொன்னார். நான் சொன்னது முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். கடதாசியை நீட்டினேன், வாங்கவில்லை.

"சேர், அண்டைக்கு அந்தத் திரைக்குக் கீழ ரெண்டு மணித்தியாலம் நிண்டன்" என்றார். "அலை எழும்பினதப் பாத்தன். என்ட மகன் போன போட் பிரண்டு கிடந்ததையும் அதிலதான் பாத்தன். அது பொய்யா?"

"பொய்யில்ல தங்கச்சி. அது அந்த நேரத்துப் படம். அவங்க பாக்கக்குள்ள அதில பழைய படம் நிண்டிரிக்கு."

"கூட்டத்தில தலைவர் கேக்கக்குள்ள, மெஷின் வேலை செய்யுதெண்டு சொன்னது நீங்கதானே? என்ட கூடப்பிறந்த காக்கா அங்க இரிந்தவர்."

"ஓம். நான்தான்."

"அப்ப அண்டைக்குச் சொன்னது பொய்யா, இண்டைக்குச் சொல்றது பொய்யா?"

"அண்டைக்குச் சொன்னதுதான் பொய்."

கோபம் எதுவும் அவர் முகத்தில் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பரீதா அழுதிரிப்பா. நீங்க நல்ல மனிசன், அதப் பாத்திட்டு அவளுக்காக வந்திரிக்கீங்க" என்றார். "நாலு மாசம் கழிச்சி, அண்டைக்குப் பொய் சொன்னனெண்டு ஒரு மனிசன் வந்து சொன்னா, நான் என்ட கண்ண நம்பவா, அந்த மனிசன நம்பவா? பொருந்த ஏலா சேர். தேத்தண்ணியக் குடிங்க."

குடித்தேன். எழுந்து வந்தேன். அதன் பிறகு தலைவரிடமும் பள்ளிவாசலிலும் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். கேட்டவர்களில் பாதிப்பேர் பாஹிமின் உம்மா நினைத்ததையே நினைத்தார்கள். ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது, பரீதா ஓட்டோவுக்குள் இருந்து என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சொன்னா?"

பொருந்திவிட்டார் என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. உண்மையிலேயே வந்தது. அடக்கிக்கொண்டு, "நம்பல்ல" என்றேன்.

அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அண்டைக்குக் கூட்டத்தில சொல்லியிருந்தா நம்பியிருப்பா, என்ன?"

"ஓம்" என்றேன்.

தம்பியிடம் போகச் சொன்னார். ஓட்டோ போனது. என்னை ஏறச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.